எட்ட நின்று பிடிக்கும் வேட்டை

பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவர்க்கு ஞாயிறு இரண்டு வகைப்படும். துணி துவைக்கும் ஞாயிறு ஒன்று. காடு காணப் புறப்படும் ஞாயிறு மற்றொன்று. இரண்டாம் வகை ஞாயிறு நெருங்கினால் நம் மன்றத்து இளையவர்கள் என் அறைக் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. "அண்ணா, வேட்டைக்குப் போறோம். வீடியோ எடுக்க விலை குறைஞ்ச காமிரா எது?" இதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறி அலுத்துவிட்டதால், இவ்வாண்டு மலரில் எழுதியே விடுவதெனத் துணிந்தேன்.

முதலில் 'வேட்டை' என்ற சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவன் துப்பாக்கியோடு வீடியோ காமிராவையும் தூக்கிச் செல்கிறான். வில்லிலும் தொப்பியிலும் மாட்டிக்கொள்ளும் சிறு காமிராக்கள் அங்கே கடைகளில் குவிந்து கிடக்கின்றன. நம் நாட்டில் அதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட வழி விட்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஆகவே இன்று மாணவன் ஒருவன் 'வேட்டைக்குப் போகிறேன்' என்றால், காமிராவோடு போகிறான் என்றுதான் பொருள். அவ்வாறே இருக்கவும் வேண்டும்.

ஆனால் வேட்டையைப் பதிந்து வைக்கும் ஆசை பெங்களூருக்குப் புதியதன்று. கஸ்தூரிபா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் உடைமைகளுள் ஒன்று, ஆதகூர்க் கல்வெட்டு. காலம் கி.பி. 949-950. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைக் கூறுவதால், வரலாறு பயிலும் நம் தமிழ் மாணவரும் அறிந்த கல்தான் இது. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய ஆண்மைக்குப் பரிசாக ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்த நாயை ஒரு குன்றருகே காட்டுப் பன்றியின்மேல் ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று வீழ்ந்தன. அந்நாயின் நினைவாக எழுந்ததே அந்தக் கல்; நாயும் பன்றியும் பொருதும் காட்சி அதன்மேல் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த ஒரு நொடி கலையாமல் நிற்கிறது. இன்றைய காமிரா எதற்கும் எந்தக் கடைக்காரரும் அத்தனை நாள் உத்தரவாதம் தரமாட்டார்!

காமிராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவும் வெறும் உவமையன்று. பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே என்பவர் 1882இல், பறவை பறக்கும் வகையை ஆராய்வதற்கென்றே துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்தார். தோளில் ஊன்றி, பறவையைக் குறிபார்த்து, விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம் விழும். திரைப்படம் பிறந்த வரலாற்றில் இந்தத் துப்பாக்கிக்கும் ஓர் இடமுண்டு. ஆங்கிலேயன் இன்றும் படத்தைச் 'சுடுகிறான்'. தமிழன் படத்தை எடுக்கிறான், அல்லது பிடிக்கிறான். (பாம்பும் படம் எடுக்கும், அதனிடம் மட்டும் யாரும் காமிராவின் விலை கேட்பதில்லை.) 'பிடித்தல்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மீனைப் பிடிப்பவனுக்குத் தூண்டிலின் நீளமே முதல். காட்டில் படம் பிடிப்பவனுக்கும் அப்படித்தான். நான் இக்கட்டுரையில் சொல்ல வந்ததும் அந்த நீளத்தைப் பற்றியதே.

கடைக்குப் போனால் என்ன சொல்கிறார்கள்? "இது 4கே, அது இத்தனை மெகாபிக்சல்" என்கிறார்கள். அவை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைச் செய்திகள். "ஐம்பது மீட்டரில் நிற்கும் மானை இது எவ்வளவு பெரிதாகக் காட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை வராது. கவலை வேண்டாம், விடையை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு போதும்.

விலங்குக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரத்தை மீட்டரில் எடுத்துக்கொள்க. அதை 36ஆல் பெருக்குக. வில்லையின், அதாவது லென்ஸின், குவியத்தூர எண்ணால் வகுக்குக. வரும் விடை, படச் சட்டத்துக்குள் அடங்கும் அகலம், மீட்டரில். 36 எங்கிருந்து வந்தது என்றால், பழைய பிலிம் சுருளில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். காமிராவின் உள்ளுறுப்பு எத்தனை சிறியதாயினும், விற்பவர்கள் அந்தப் பழைய அளவுக்கு 'ஈடான' எண்ணையே விளம்பரத்தில் தருகிறார்கள். நமக்கு வேண்டியதும் அந்த ஈடான எண்ணே.

இப்போது கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதன் முதன்மை வில்லை ஏறத்தாழ 26 மி.மீ. ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளிமான். 50ஐ 36ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 69 மீட்டர். அதாவது 69 மீட்டர் அகலமுள்ள காட்டின் நடுவே, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மான்! படத்தின் அகலத்தில் 46இல் ஒரு பங்கு. 1920 புள்ளி அகலமுள்ள வீடியோவில் மானுக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 42 புள்ளிகள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினால், "மான் எங்கேடா?" என்று அவர் கேட்பது அவருடைய கண்ணின் குறையன்று. அதே மானை 600 மி.மீ. வில்லையால் பார்த்தால் சட்டத்தின் அகலம் 3 மீட்டர். மான் பாதிச் சட்டத்தை நிறைத்து நிற்கும். காதின் அசைவும் தெரியும்.

கைப்பேசியில் விரலை விரித்தால் பெரிதாகிறதே என்று வாதிடுவோர் உளர். அது டிஜிட்டல் ஜூம். கிடைத்த 42 புள்ளிகளை இழுத்து நீட்டுகிறது. புதிதாக ஒரு புள்ளியையும் காட்டிலிருந்து கொண்டு வருவதில்லை. வில்லைகளே நகர்ந்து பெரிதாக்குவது ஒளியியல் ஜூம். பெட்டியின்மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருந்தால், சிறியது எதுவோ அதுவே உண்மையானது என்று கொள்க. சில கைப்பேசிகளில் தொலைநோக்கு வில்லை தனியே உண்டு. அவை ஓரளவு மேல். ஆயினும் அவற்றின் விலை 'மலிவு' என்ற சொல்லோடு ஒத்துப் போகாது.

நீளம் குறைந்த காமிராவால் விளையும் உண்மையான கேடு, படம் சிறிதாக விழுவது அன்று. படம் சிறிதாக விழுந்ததும் அதை வைத்திருப்பவன் நடக்கத் தொடங்குகிறான்! வண்டியை விட்டு இறங்குகிறான். புதரை விலக்குகிறான். யானை செவியடிப்பதை நிறுத்தி நிமிர்வதை அவன் எச்சரிக்கையாகப் பார்ப்பதில்லை. நல்ல காட்சியாகப் பார்க்கிறான். பன்னேர்கட்டாக் காடும் அதன் தொடர்ச்சியாகத் தளி, ஓசூர்ப் பக்கம் இறங்கும் காடுகளும் யானை நடமாடும் இடங்கள். அங்கே காமிராவின் குறையைக் கால்களால் ஈடுசெய்ய முனைவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் இலக்கணத்தைப் படித்துப் பாருங்கள். கொல்லுதல், பிடித்தல் மட்டுமல்ல. துரத்துவதும், இரை வைத்து இழுப்பதும், பறவை, ஊர்வன ஆகியவற்றின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆகவே, மயில் ஓடும் காட்சி வேண்டுமென்று அதை விரட்டுகிற மாணவன், கையில் இருப்பது காமிராவே ஆயினும், சட்டத்தின் கண்ணுக்கு வேட்டைக்காரனாகிவிடக் கூடும். நீண்ட வில்லை வாங்குகிறவன் எட்ட நிற்கும் வசதியையும் சேர்த்தே வாங்குகிறான் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் முன்னோடிகள் இதைக் காசு கொடுத்துக் கற்கவில்லை; பொறுமை கொடுத்துக் கற்றார்கள். புகழ் பெற்ற வேட்டைக்காரரான ஜிம் கார்பெட், பின்னாளில் புலிகளைத் திரைப்படமாகப் பிடிக்க முனைந்தார். அந்நாள் காமிராவின் கரகரவென்ற ஓசையே புலியை விரட்டிவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சிற்றோடை ஒன்றில் சிறுசிறு அணைகள் கட்டி, விழும் நீரின் ஒலியால் காமிராவின் ஒலியை மறைத்தார்! சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996), தமிழ்ப் புதின முன்னோடி அ. மாதவையாவின் திருமகனார், பல காமிராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அந்த ஒட்டுப்போட்ட கருவியால் அவர் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்களை மிஞ்ச இன்னும் பலரால் முடியவில்லை. நம் பெங்களூரிலேயே வாழ்ந்து 2017இல் மறைந்த டி. என். ஏ. பெருமாள் அவர்களும் பறவைகளின் வாழ்வைப் படமாக்கி உலகப் பெயர் பெற்றவர். மைசூரின் கிருபாகர், சேனானி இருவரும் செந்நாய்க் கூட்டத்தின் பின்னே ஆண்டுக்கணக்கில் அலைந்து படமெடுத்தனர். இவர்கள் எல்லாரையும் சொல்வதன் நோக்கம், நம் 25,000 ரூபாயைப் பார்த்து நாம் வெட்க வேண்டியதில்லை என்பதே.

ஆம், என் கையிருப்பு 25,000 ரூபாய். இரண்டு ஆண்டு டியூஷன் வருவாயில் சேர்த்தது. அதைக் கொண்டு என்னென்ன வாங்க முடியும் என்று நான் ஆராய்ந்த கதையைச் சொல்கிறேன்.

தலையிலும் மார்பிலும் மாட்டும் சிறு காமிராக்களை முதலில் தள்ளிவிட்டேன். அலை மேலும் மிதிவண்டி மேலும் அவை வல்லவை. ஆனால் அவற்றின் பார்வை மிக அகன்றது. பத்து மீட்டரில் நிற்கும் யானையும் அவற்றில் எருமைக்கன்று போலத் தோன்றும். மரத்தில் கட்டிவிட்டு வந்தால் விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் பொறிக் காமிராக்கள் உண்டு. 1920களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி கம்பி கட்டி, புலியே காலால் தட்டித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்த முறையின் பேரப்பிள்ளைகள் இவை. உல்லாஸ் கரந்த் அவர்கள் 1990களில் நாகரஹொளேயில் புலிகளை எண்ணியதும் இத்தகைய கருவிகளால்தான். மாணவனுக்கு இவை ஆகா. வனத்துறையின் காட்டில் இசைவின்றி இவற்றைக் கட்ட முடியாது. ஊரில் சொந்தத் தோட்டம் உடையவர்கள் வேண்டுமானால் கட்டி, இரவில் வரும் புனுகுப்பூனையைக் கண்டு மகிழலாம்.

மிஞ்சியவை மூன்று. உள்ளங்கையில் அடங்கும் 'ஹேண்டிகேம்' வகை. நீண்ட வில்லை பிரிக்க முடியாதபடி பொருந்திய 'பிரிட்ஜ்' வகை. வில்லை மாற்றும் பெரிய காமிரா. மூன்றாவதில் உடலைக் கையிருப்புக்குள் வாங்கிவிடலாம். ஆனால் அதற்குரிய 600 மி.மீ. வில்லை, உடலைப் போலப் பன்மடங்கு விலை கேட்கும். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டு, மண்டபத்துக்கு வாடகை இல்லாமல் நிற்கும் நிலை அது. வில்லை ஒன்றை வாடகைக்கு எடுக்கும் வசதி நம் நகரில் நிரம்ப உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்க. வாங்க எண்ணும் காமிராவையே ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்த்து, பின்னர் முடிவு செய்வது மிகச் சிறந்த சிக்கனம்.

ஹேண்டிகேம் வகையில் சோனி சிஎக்ஸ்405 பலரும் அறிந்தது. 30 மடங்கு ஒளியியல் ஜூம், ஏறத்தாழ 27 மி.மீ. முதல் 800 மி.மீ. வரை. எடை குறைவு, கைக்குள் நன்றாகப் பிடிபடும், ஜூம் வழுவழுவென ஓடும். குறையும் இரண்டு உண்டு. அதன் ஒளியுணரி மிளகினும் சிறியது. மாலை மங்கினால் படத்தில் எறும்பு ஊர்வது போன்ற புள்ளிகள் நிறையும். தனி ஒலிவாங்கி செருகத் துளையும் இல்லை. பிரிட்ஜ் வகையில் நிக்கான் பி900 (2015) என்பது 2000 மி.மீ. வரை நீளும், நிலவின் பள்ளங்களைக் காட்டி நண்பர்களை வியக்கச் செய்யலாம். ஆனால் நிலவைப் போல மான் அசையாமல் நிற்காது. அவ்வளவு நீளத்தில் மூச்சுவிட்டாலும் படம் துள்ளும். அதே 2015இல் வந்த பானசோனிக் எஃப்இசட்300, 600 மி.மீ. வரைதான் செல்லும்; எனினும் கடைசி வரை எஃப் 2.8 என்ற அகன்ற துளையோடு செல்லும். ஒலிவாங்கித் துளை உண்டு. தூறலுக்கும் தூசிக்கும் ஓரளவு தாங்கும். பழைய பொருளாக இது கண்ணில் பட்டால் விடாதீர் என்பது என் கருத்து.

'எஃப் 2.8' என்றால் என்ன என்று கலைக்கல்லூரி நண்பர்கள் கேட்பர். வில்லையின் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதன் குறி அது. எண் சிறிதானால் வாய் பெரிது. மலிவான நீள் வில்லைகள் பல, முழுதும் நீட்டியதும் எஃப் 6.5 வரை குறுகிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஒளியில் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. விலங்குகளோ, நம் பேராசிரியர்களைப் போலக் காலை பத்து மணிக்கு வகுப்பு வைப்பதில்லை. விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும்தான் அவை வெளிவரும். வெளிச்சம் குறைந்த அந்நேரத்தில் வாய் குறுகிய வில்லை பசியால் வாடும். ஒளியுணரி பெரிதாயினும் உதவும்: 'ஓரங்குலம்' எனப்படும் உணரி, சாதாரண பிரிட்ஜ் காமிராவின் உணரியைப் போல நான்கு மடங்கு பரப்புடையது. (ஓரங்குலம் என்பார்களே தவிர, அளந்து பார்த்தால் அதன் அகலம் 13.2 மி.மீ.தான், வணிகர் அங்குலம் வேறு போலும்.) உச்சி வேளையில் வெளிச்சம் மிகுதி, ஆயினும் கானல் எழுந்து, தொலைவிலுள்ள மான் நீருக்குள் நிற்பது போல நெளியும். எந்த விலைக் காமிராவும் அதைத் தீர்க்காது. அந்த நேரத்தில் சோறு உண்பதே நலம்.

அடுத்தது அசையாமை. 600 மி.மீ. வில்லையின் பார்வை அகலம் மூன்றரைப் பாகைக்கும் குறைவு. கை ஒரு பாகை நடுங்கினால் படத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெயர்ந்துவிடும். காமிராவுக்குள்ளிருக்கும் நடுக்கம் தடுக்கும் பொறி கொஞ்சம் உதவும், முழுதும் உதவாது. ஆகவே கையிருப்பில் ஒரு பங்கை முக்காலிக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுக. என் 25,000இல் பழைய காமிராவுக்கு 16,000, முக்காலிக்கு 4,500 என்று பிரித்துக்கொண்டேன். புதிய காமிராவுக்கே முழுப்பணத்தையும் கொட்டி, முக்காலிக்கு நண்பனின் தோளை நம்புவாரை அறிவேன். தோள் மூச்சுவிடும், தும்மும், பசித்தால் புலம்பும்.

வண்டிக்குள் முக்காலி விரியாது. அங்கே உதவுவது தானியப் பை. காற்சட்டைத் துணியில் ஒரு முழ நீளத்துக்குப் பை தைத்து, முக்கால் பங்கு ராகி நிரப்பி, வண்டியின் சன்னல் விளிம்பில் போட்டு, அதன்மேல் காமிராவை அழுத்தி வைத்தால் கல்லில் பதித்தது போல நிற்கும். ஓட்டுநரிடம் கன்னடத்தில் பணிவோடு சொல்லி எஞ்சினை நிறுத்தச் செய்ய வேண்டும். எஞ்சினின் அதிர்வு பைக்குள்ளும் புகும். தையற்காரர் என்னிடம் கூலியாகக் கேட்டது எண்பது ரூபாய். என் கருவிகளுள் விலைக்கு மிஞ்சிய பயன் தருவது இதுவே!

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காட்டு வீடியோவில் பாதி உயிர் ஒலி. ஆனால் காமிராவின் சொந்த ஒலிவாங்கி காட்டைக் கேட்பதற்கு முன் காற்றைக் கேட்கும்; அடுத்து, பின்னிருக்கையில் சிப்ஸ் பொட்டலம் பிரிபடுவதைக் கேட்கும். செருகும் துளை இருந்தால் மலிவான சிறு ஒலிவாங்கியும் அதன்மேல் பஞ்சுமயிர்ப் போர்வையும் போதும். துளை இல்லையேல் கைப்பேசியைச் சட்டைப் பைக்கு வெளியே அசையாமல் வைத்து ஒலியை மட்டும் அதில் பதிந்து, பின்னர் அறையில் படத்தோடு இணைத்துவிடலாம். இரண்டையும் இணைக்க, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிக் கொள்வர். விலங்கு வருவதற்கு முன்பே தட்டிவிடுக.

நினைவட்டைக் கணக்கும் எளிதே. முழு எச்டி வீடியோ நொடிக்கு 25 மெகாபிட் என்றால் மணிக்கு 11 ஜிபிக்குச் சற்று மேல். 4கே 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 4கே எடுத்தால் அட்டையும் பெரிது, கணினியும் பெரிது, வெட்டி ஒட்டும் நேரமும் பெரிது. தொடக்கத்தில் முழு எச்டி தாராளம். எஸ்.பி. ரோட்டிலோ இணையத்திலோ எங்கு வாங்கினும், அட்டையின்மேல் அச்சிட்ட அளவு உள்ளே உண்மையில் இருக்கிறதா என்று கணினியில் முழுதும் நிரப்பிச் சோதித்துக் கொள்க. நொடிக்கு 25 படம், கதவு வேகம் ஐம்பதில் ஒரு நொடி என்று வைத்தால், நம் ஊர் மின்விளக்குகளின் கீழும் சிமிட்டல் விழாது. நொடிக்கு 50 படம் எடுத்தால் பறவையின் சிறகடிப்பைப் பாதி வேகத்தில் காட்டலாம். பழைய நிழற்படக் காமிராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் வீடியோவை நிறுத்திவிடும். இயந்திரக் கோளாறு என்று அஞ்ச வேண்டாம். அதற்கு மேல் ஓடினால் வீடியோ காமிரா என்று கருதிக் கூடுதல் சுங்கம் கேட்ட ஐரோப்பிய வரிவிதியின் எச்சம் அது!

இனிப் பழைய காமிரா வாங்குவோர்க்கு. நாடா போடும் பழைய வகையை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டா; நாடாவும் கிடைக்காது, கணினியில் ஏற்றும் செருகியும் கிடைக்காது. விற்பவரை நல்ல வெயிலில் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்க. முதலில் வில்லைக்குள் கைவிளக்கை அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களிலும் மழைக்காடுகளிலும் வாழ்ந்து வந்த காமிராக்களுக்கு வரும் நோய். அப்படியே நன்றி கூறித் திரும்பிவிடலாம். பிறகு வில்லையை மூடிவிட்டு ஒரு நிமிடம் வீடியோ ஓடவிடுக. இருளில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினால் உணரி அங்கங்கே பழுது. ஜூமை முழுதும் நீட்டிச் சுருக்குகையில் இடையே தடுக்கினாலோ, அரைக்கும் ஒலி கேட்டாலோ விலையைக் குறைத்துக் கேட்பதிலும் பயனில்லை. அந்தப் பொறியைச் சரிசெய்யும் செலவில் வேறொன்று வாங்கலாம். கடைசியாக வானைப் பார்க்க வேண்டும். பெங்களூர் வானில் கரும்பருந்து இல்லாத நாளில்லை. வட்டமிடும் பருந்தை முழு நீளத்தில் பிடித்துத் தொடர்க. காமிரா அதன்மேல் கூர்மையை நிறுத்துகிறதா, அன்றி மங்கித் தெளிந்து மங்கித் தெளிந்து தடுமாறுகிறதா? அடுத்து, எதிரே ஒரு வேலியோ கொடியோ இருக்க, அதற்கப்பால் உள்ளதைப் பிடித்துப் பார்க்க. தானியங்கிக் கூர்மை புல்லிலேயே சிக்கிக்கொள்ளுமாயின், கையால் கூர்மையை மாற்றும் வழி அதில் இருத்தல் வேண்டும். காட்டில் நாம் காண்பவற்றில் பெரும்பகுதி புல்லுக்குப் பின்னேதான் நிற்கிறது. மின்கலம் இன்னும் கடைகளில் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்க. இரண்டாவது மின்கலம் இல்லாமல் புறப்பட வேண்டா.

காப்பகங்களுக்குப் போவோர் முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம். வண்டிச் சுற்றுலா நடக்கிறதா, காமிராவுக்குக் கட்டணம் எவ்வளவு என்பன காலத்துக்குக் காலம் மாறும். சில இடங்களில் வில்லை நீள நீளக் கட்டணமும் நீளும். பறக்கும் காமிராவை இசைவின்றி எடுத்துச் செல்வது வம்பு. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை அழைப்பது பலருக்கு விளையாட்டு. கூடு கட்டும் காலத்தில் அந்தப் பறவைக்கு அது போர்முரசு. எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி முட்டையை விட்டு எழுந்து அலையும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், சரணாலயத்துள் படமெடுக்க இசைவு தரும் விதியிலேயே, வாழிடத்தை மாற்றாமலும் உயிர்களுக்கு ஊறு செய்யாமலும் எடுக்க வேண்டும் என்பதைச் சேர்த்திருக்கிறது.

புதிய காமிராவோடு உடனே பந்திப்பூருக்கு ஓட வேண்டா. லால்பாக் ஏரிக்கரையில் விடியற்காலை போய் நில்லுங்கள். நீர்க்காகம் ஒன்று மூழ்கி எழுந்து சிறகு விரித்து உலர்த்தும். அந்த ஒரு பறவையை இருபது நிமிடம் விடாமல் பிடியுங்கள்; எங்கே எழும் என்று ஊகித்து முன்பே வில்லையைத் திருப்பப் பழகுங்கள். நான்கு ஞாயிறு இப்படிக் கழிந்தால், ஐந்தாம் ஞாயிறு மாண்டியா மாவட்டத்துக் கொக்கரெ பெள்ளூருக்குப் போகலாம். ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்துப் புளியமரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊரார் அவற்றைத் தம் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தது போலக் காக்கின்றனர். பெங்களூர் மைசூர்ச் சாலையில் ருத்ராட்சிபுரத்தில் இறங்கி உள்ளே திரும்ப வேண்டும். மரத்தடியில் நின்று நிமிர்ந்து பிடிக்காமல், தெருவின் மறுகோடியில் ஒரு திண்ணையைக் கேட்டுப் பெற்று, அங்கிருந்து 600 மி.மீட்டரில் பிடியுங்கள். தாய்ப்பறவை உங்களை மறந்து குஞ்சுக்கு மீன் ஊட்டும். பையை வெறுமையாகவே எடுத்துச் செல்லலாம். ராகி அந்த ஊரிலேயே கிடைக்கும். திரும்பி வந்தபின் அதை விடுதிச் சமையற்காரரிடம் கொடுத்தால் இரவுக்குக் களி ஆயிற்று.